கால் படாமல் சுங்கை ரம்பாய் வரை

சைக்கிள் வாங்கிய இரண்டாவது வாரமே, எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் குழுவின் வாட்சாப்பில் ஒரு கேள்வி போட்டேன். ஒரு மனிதன் இடையில் எங்கும் நிற்காமல் அதிகபட்சம் எவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கலாம்? கேள்வியோடு, நானே தேடிப் படித்தவற்றையும் சேர்த்திருந்தேன். தசையில் சேர்த்து வைத்த சர்க்கரை எப்போது தீரும், எவ்வளவு இடைவெளியில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வேண்டும், இதயத் துடிப்பு எந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்று விரலால் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டிய நீளத்துக்கு ஒரு கட்டுரை. குழுவில் பாதிப் பேர் என் அப்பா வயதுக்காரர்கள். கடைசியில், பினாங்கு வரை ஓட்டிப் போய் வந்த ஒரு சீன அங்கிள் மட்டும் ஒரே வரியில் பதில் போட்டார்.

"அடுத்த தே தாரேக் கடை வரைக்கும்."

தே தாரேக் என்பது இங்கே இழுத்து ஆற்றித் தரும் பால் தேநீர். பதிலுக்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள் வந்து விழுந்தன. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் எனக்கு எளிதில் வரும். மூச்சுதான் வராது.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, மலாக்காவில், குருபோங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். சின்னச் சின்னப் பாகங்களை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, இது சரி, இது தவறு என்று பிரிப்பதுதான் வேலை. அதனாலோ என்னவோ, எதையும் அளந்து சொன்னால்தான் மனம் ஆறும். அளக்கத் தொடங்கியதை முடிப்பது வேறு விஷயம். எங்கள் வீட்டில் கிட்டார் அலமாரியின் தலையில் படுத்திருக்கிறது. மீன்தொட்டியில் அம்மா இப்போது வெங்காயம் போட்டு வைக்கிறார். சைக்கிள் வந்திறங்கிய நாளில் அப்பா அதை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்துவிட்டு, "துணி காயப் போட நல்லா இருக்கும்லா" என்றார்.

ஆக, குழுவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து ஒன்றை நிரூபிக்க வேண்டியிருந்தது. குருபோங்கிலிருந்து சுங்கை ரம்பாய் வரை நிற்காமல் போவது. ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். சைக்கிள்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்கு அது காலைப் பசியாறலுக்கு முன்பான தூரம். ஆனால் எங்கள் குழுவோடு நான் ஓட்டியதெல்லாம் கடை கடையாக நின்று, ரொட்டி சானாய் தின்று, ஓட்டிக் கரைத்ததைவிட எடை கூடி வீடு திரும்பிய தூரங்கள்தாம்.

அதிலும் 'நிற்காமல்' என்றால் என்ன என்பதில் எனக்குத் தெளிவு வேண்டியிருந்தது. சக்கரம் சுழல்வது நிற்கக் கூடாதா? ஓட்டுபவன் இறங்கக் கூடாதா? சிக்னலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டால் அது கணக்கா, இல்லையா? இரண்டு நாள் யோசித்து, கேட்கக் கம்பீரமாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கால் தரையில் படக் கூடாது. அவ்வளவுதான் விதி. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது பிசகு என்பது ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் தெரிந்தது.

அந்த வாரங்களில் அக்கா எங்கள் வீட்டில் இருந்தாள். ஆறு மாதம் முடிந்து ஏழில் நின்றது. போன வருடம் முதல் கரு நான்காம் மாதத்தில் கலைந்துவிட்டதால், இந்த முறை டாக்டர் அதிகம் நடமாடக் கூடாது என்று சொல்லியிருந்தார். அக்கா கூடத்து சோபாவில் தலையணைகளை அடுக்கி, அரசி மாதிரி சாய்ந்துகொண்டு எல்லாரையும் வேலை வாங்குவாள். பயமெல்லாம் அம்மாவுக்குத்தான்.

இந்த முறை கரு தங்கியதும், அம்மா யாரையும் கேட்காமல், சுங்கை ரம்பாய் பக்கம் தான் பிறந்த தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். எட்டாம் மாதம் பிறப்பதற்குள் மெர்லிமாவிலிருந்து எங்கும் உட்காராமல் நடந்தே வருகிறேன், என் மகள் பிள்ளையை முழுசாகக் கொடு என்று. வேண்டிக்கொண்ட கொஞ்ச நாளில் முழங்கால் வீங்கியது. அதன்பின் கழிப்பறைக்குப் போய் வருவதே அவருக்கு யாத்திரையாகிவிட்டது. மாதம் ஏற ஏற அம்மாவின் முகம் இறங்கிக்கொண்டே வந்தது. தூக்கம் போய்விட்டது. அக்கா லேசாக இருமினாலும், "நான்தான் கடனை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்பார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அன்று ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே வாயை விட்டேன்.

"இந்த மாசக் கடைசியில பாருங்க. இங்கேர்ந்து சுங்கை ரம்பாய் வரைக்கும், கால் தரையில படாம போறேன்."

அம்மாவின் கரண்டி நின்றது.

"என்னா சொன்ன?"

"சைக்கிள்லமா. ஒரே மிதியா. கால் கீழ படவே படாது."

"எங்கயும் உக்காராமயா?"

"சைக்கிள்ல உக்காந்துதான் இருப்பேன்."

"அது உக்கார்றதுல சேராது," என்றார் அம்மா, ஏதோ வழக்கில் தீர்ப்புச் சொல்வதுபோல. "கால் படாதுல்ல?"

"படாதுமா."

அம்மா எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாமி மேடைக்குப் போனார். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நெற்றி நிறைய விபூதி. என் நெற்றியிலும் இழுத்துவிட்டார், என் விரலில் ரசம் சொட்டிக்கொண்டிருக்கும்போதே.

சோபாவிலிருந்து அக்கா மெதுவாகச் சொன்னாள். "டேய். என் புள்ளைய உன் டயர்ல கட்டி விட்டுட்டாங்கடா."

வாட்சாப்பில் நான்கு கிழவர்களை வாயடைக்கப் புறப்பட்ட விஷயம் அந்த நொடியில் என் கையைவிட்டுப் போய், அம்மாவின் வேண்டுதலாகிவிட்டது. அம்மாவுக்கு அவ்வளவு நிம்மதி. அன்று இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு, "இல்லமா, இது சும்மா ஒரு ரெக்கார்டுக்கு" என்று எப்படிச் சொல்வது?

அடுத்த வெள்ளிக்கிழமை என் கையில் மஞ்சள் கயிறு ஏறியது. கவுச்சி இல்லை, முட்டை இல்லை, பாயில் படுக்கை. புரதச்சத்து, மீட்பு, உறக்கத்தின் தரம் என்று நான் படித்து வைத்ததெல்லாம் ஒரே நாளில் அடிபட்டுப் போயின. தொழிற்சாலைக் கேண்டீனில் முட்டை, நெத்திலிச் சம்பல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நாசி லெமாக்கின் தேங்காய்ப்பால் சோற்றை மட்டும் தின்னும் என்னைப் பார்த்து, "தைப்பூசத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கேடா" என்றான் நண்பன். "இது வேற" என்றேன். எது வேறு என்று விளக்க எனக்கே வராது.

செருப்பு விஷயத்தில் வீட்டில் ஒரு மாநாடே நடந்தது. வேண்டுதலுக்குப் போகிறவன் வெறுங்காலோடு போக வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. என் சைக்கிளின் மிதியில் வெறுங்காலை வைக்க முடியாது. ஷூவின் அடியில் ஓர் உலோகத் துண்டு இருக்கும். அது மிதியில் 'டக்' என்று போய்ப் பூட்டிக்கொள்ளும். விடுவிக்க வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பலை மறந்து, முதல் வாரத்திலேயே ஒரு பஸ் நிறுத்தத்துக்கு முன்னால், பள்ளிப் பிள்ளைகள் கண்ணெதிரே, நின்ற நிலையிலேயே சாய்ந்து விழுந்தவன் நான். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

"ஷூ தோலா?" என்று கேட்டார் அம்மா.

"பிளாஸ்டிக்."

ரொம்ப நேரம் யோசித்தார். "தரையில படாத காலு. அதுக்குச் செருப்பு போட்டா என்ன, போடாட்டி என்ன."

உடைக்கு வந்தபோதுதான் சமரசம் கடினமாகிவிட்டது. இறுக்கமான என் சைக்கிள் கால்சட்டையைப் பார்த்து, "இந்த ஜட்டியோடயா கோயில் வாசல்ல வந்து நிப்ப?" என்றார். மஞ்சள் வேட்டி கட்டச் சொன்னார். வேட்டியோடு மிதிக்க முடியாது என்று சங்கிலியைக் காட்டி விளக்கினேன். கடைசியில் இடுப்பில் ஒரு மஞ்சள் துண்டு, பக்கவாட்டில் முடிச்சு என்று முடிவாயிற்று. முடிச்சை நானே மூன்று விதமாகப் போட்டு இழுத்துப் பார்த்து, உறுதியானதைத் தேர்ந்தெடுத்தேன். தரச்சோதனைக்காரன் அல்லவா.

புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, விடியும் முன்பே அத்தான், அதாவது அக்காவின் கணவர், அம்மாவைத் தன் காடியில் (காரைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) ஏற்றிக்கொண்டு முன்கூட்டியே கோயிலுக்குப் போய்விட்டார். பொங்கல் வைக்க வேண்டுமாம். அப்பா அக்காவுக்குத் துணையாக வீட்டில் இருந்தார். என்னை வழியனுப்பியது அப்பாவும், எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியவர் பாக்சிக்கும்தான். முன்சக்கரத்துக்கு அடியில் அப்பா எலுமிச்சம்பழம் வைத்தார். லோரிக்கு வைக்கிற அளவுப் பழம். என் டயரோ கட்டைவிரல் அகலம்கூட இல்லை. ஏறியதும் பழம் நசுங்கவில்லை. வழுக்கி உருண்டு சாக்கடைக்குள் போயிற்று. நான் ஆடிப்போய்த் தடுமாறி, எப்படியோ நேராக்கிக்கொண்டேன்.

"கால் படல" என்றார் அப்பா, தெருவுக்கே கேட்கும்படி.

"பத்து கேவ்ஸுக்கா?" என்று முருகன் மலைக்கோயிலின் பெயரைச் சொல்லிக் கேட்டார் பாக்சிக். அப்பா ஏதோ மலாயில் விளக்கத் தொடங்கினார். நான் எங்கள் குடியிருப்புத் தாமானின் வளைவில் திரும்பிவிட்டேன்.

முதல் பகுதி சுகமாகத்தான் இருந்தது. துரியான் துங்கல் வரை சாலை காலியாக இருந்தது. சிவப்பு விளக்கில் நிற்காமல் இருக்க, தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நத்தை மாதிரி ஊர்ந்து, பச்சை விழும்போது போய்ச் சேரும் வித்தையைப் பழகியிருந்தேன். ஒரே ஒரு சந்திப்பில் அது பலிக்கவில்லை. சாலையோரத்துப் பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைந்து, பம்புகளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கவுண்டரில் இருந்த பெண், திருட வந்தவனா, வழி தெரியாதவனா என்று கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை காட்டினேன். அவள் காட்டவில்லை.

எவ்வளவு தூரம் நிற்காமல் மிதிக்கலாம் என்று நான் படித்த எதிலும் ஒரு முக்கியமான செய்தி இல்லை. முதலில் கைவிடுவது கால் அல்ல. கால் மாடு மாதிரி, பழக்கிவிட்டால் அதுபாட்டுக்குச் சுற்றும். முதலில் உள்ளங்கை மரத்துப் போகும். பிறகு இருக்கையோடு உறவு கெடும். அதற்கும் முன்னால், நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படு என்று அறிவுரை சொன்னவர்கள் மேலெல்லாம் கோபம் வரும். பெம்பான் தாண்டுவதற்குள் எனக்கு அந்தக் கோபம் வந்துவிட்டது. சாலையோரத்துப் பெட்ரோல் நிலையங்களின் கழிப்பறைப் பலகைகள் ஒவ்வொன்றும் என் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. ஒரு கட்டத்தில் அம்மனையே கேட்டேன், இதற்கு ஏதாவது விதிவிலக்கு உண்டா என்று. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

ஜாசினுக்குள் நுழையும்போது என் சித்தி குறுக்கே வந்தார்.

அம்மாவின் தங்கை. நியாலாஸில் இருப்பவர். அம்மா குடும்ப வாட்சாப்பில் செய்தி போட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சின்னதாக ஒரு புலாத்தான், அதாவது சாலைகள் சேரும் வட்டம், அங்கே இருக்கிறது. அதன் ஓரத்தில் சித்தி ஒரு பித்தளைக் குடத்தோடு நின்றார். பக்கத்தில் சித்தப்பா, கையில் போனோடு. காவடி எடுத்து வருகிறவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள் இல்லையா, அதற்காகத் தயாராக நின்றார்கள்.

"நில்லுடா, நில்லு" என்றார் சித்தி.

"நிக்கக் கூடாது சித்தி. நின்னா போச்சு."

"அப்ப எப்படிடா கால்ல ஊத்தறது?"

"வேணாம் சித்தி."

"நியாலாஸ்லேருந்து குடத்தத் தூக்கிக்கிட்டு வந்திருக்கேன், வேணாமா?"

அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. வட்டத்தைச் சுற்றத் தொடங்கினேன். சித்தி குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் கூடவே ஓடிவந்தார். சுற்றுகிற காலில் தண்ணீர் ஊற்றுவது எளிதல்ல. முதல் வீச்சு பின்சக்கரத்தில் விழுந்தது. இரண்டாவது என் முகத்தில். பின்னால் வந்த ஒரு மோட்டர்காரர் மரியாதையாகக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பஸ்.

"மெதுவாப் போடா, என்னா அவசரம்."

"மெதுவாப் போனா விழுந்துடுவேன் சித்தி."

"ஏங்க, படம் பிடிச்சது போதும், வண்டிகள நிறுத்துங்க."

சித்தப்பா போனைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே ஒரு கையை நீட்டி ஜாசின் போக்குவரத்தை நிறுத்தினார். மூன்றாவது சுற்றில் ஒருவழியாகத் தண்ணீர் ஷூவில் விழுந்தது. சித்திக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் முகம் மலர்ந்திருந்தது.

"மூணு சுத்து ஆச்சு. வலமாத்தான் சுத்தியிருக்க. நல்லது."

நம் நாட்டில் புலாத்தானை எல்லா வண்டிகளும் வலமாகத்தான் சுற்றும் என்று சொல்ல வந்தேன். நடுவில் யாரோ நட்டு வைத்த பூச்செடிகளை, மூன்று முறை பக்தியோடு வலம் வந்துவிட்டு மெர்லிமாவ் சாலையில் ஏறினேன். நனைந்ததில் ஓர் ஆறுதல் இருந்தது. எது மஞ்சள் தண்ணீர், எது வேறு என்று இனி யாரும் கேட்க முடியாது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நிற்காமல் ஓட்டுவது எப்படி என்று எழுதிவிட்டு இதை மட்டும் மறைத்தால், அது கட்டுரையே அல்ல.

மெர்லிமாவுக்குப் பிறகு நான் எதையும் ரசித்ததாக நினைவில்லை. தொடையில் ஒரு நரம்பு தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. விரல்கள் இருக்கின்றனவா என்று அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொண்டேன். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் கடக்கும்போதெல்லாம் காற்று என்னை ஓரத்துக்குத் தள்ளியது. அம்மா நடந்து வருவதாக வேண்டிக்கொண்டது இந்தச் சாலையில்தான். வெயிலில், இந்த லோரிகளுக்கு நடுவில், அந்த முழங்காலோடு. அதுவரை வழியெல்லாம், முடித்தபின் குழுவில் என்ன எழுதிப் போடலாம் என்று வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தவன், அதை விட்டுவிட்டேன். கால் படக் கூடாது, படக் கூடாது என்று ஒவ்வொரு மிதிக்கும் சொல்லிக்கொண்டே போனேன். இப்படித்தான் மந்திரங்கள் பிறந்திருக்க வேண்டும், பயத்திலும் மூச்சு வாங்கலிலும்.

தோட்டத்துக்குள் திரும்பியதும் தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதை. ஒரு மளிகைக் கடை, அதைத் தாண்டி ஒரு வளைவு, பிறகு கோயில். கோபுரத்தின் தலை தெரிந்துவிட்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மெலிதாகக் காற்று வீசியது. இடுப்புத் துண்டின் நுனி ஒருமுறை படபடத்துவிட்டு, கீழே போய், சங்கிலியின் வாய்க்குள் நுழைந்தது.

முடிச்சு அவிழவில்லை. அதுதான் அதன் தரம்.

சங்கிலி துண்டைத் தின்றது. துண்டு என் இடுப்பை இழுத்தது. சக்கரம் நின்றது. விழுவதற்கு எனக்கு நிறைய அவகாசம் கிடைத்தது. குதிகாலைத் திருப்பிக் காலை விடுவித்து ஊன்றியிருக்கலாம். அந்த ஒரு நொடியில், வாழ்க்கையில் முதல்முறையாக, திருப்ப மறக்கவில்லை. வேண்டாம் என்று விட்டேன். மரம் சாய்வதுபோல, இடது பக்கமாக, மளிகைக் கடை வாசலில் முழு நீளத்துக்கும் சாய்ந்தேன். தோள், முழங்கை, இடுப்பு, காது, கன்னம் என்று வரிசையாகத் தரையில் பட்டன. கண்ணைத் திறந்து முதலில் கால்களைத்தான் பார்த்தேன். இரண்டு ஷூவும் மிதியில் பூட்டியபடியே இருந்தன.

கடைக்கார அக்கா ஓடிவந்தார். கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு லோரிக்கார அண்ணனும், அவரோடு இருந்த இந்தோனேசியத் தொழிலாளி ஒருவரும் வந்தார்கள். அண்ணன் என் காலைப் பிடித்து இழுக்கப் போனார்.

"அண்ணே, வேணாம்ணே. கால எடுக்காதீங்க."

"ஏன் தம்பி, உடைஞ்சிருச்சா?"

"இல்லண்ணே. வேண்டுதல்."

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "விழறதாடா வேண்டுதல்?"

மண்ணில் கன்னத்தை வைத்தபடியே என் அக்கா கதை, அம்மா கதை, முழங்கால் கதை எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்கார அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. "காலையில காடியில வந்து இறங்குனவங்க மகனா? அந்தம்மா நேத்தே போன் போட்டு வெத்தல பாக்கு சொல்லி வச்சாங்க." பிறகு குனிந்து, என் ஷூவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆராய்ந்தார். "காலு படல. ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

"உடம்பு பூரா பட்டுருச்சேக்கா," என்றார் அண்ணன்.

"உடம்பு பட்டா அது அங்கப்பிரதட்சணம். அது இதவிட ஒசத்தி."

"ஒரு சுத்துகூட உருளலியே."

"நீ உருட்டி விடப்போறியா? தூக்குங்க, சைக்கிளோட தூக்குங்க."

தமிழே தெரியாத அந்த இந்தோனேசியரிடம் அண்ணன் மலாயில் ஏதோ சொன்னார். அவர் தலையாட்டினார், இது தினமும் நடப்பதுதான் என்பதுபோல. மூவரும் சேர்ந்து, என்னையும் சைக்கிளையும் ஒரே பொருளாகப் பிடித்து, மெல்ல நிமிர்த்தினார்கள். அண்ணன் கத்தியால் துண்டை அறுத்தார். சங்கிலி கழன்று தொங்கியது. மிதித்தால் கால் வெறுமனே சுற்றியது.

"பரவால்ல," என்றார் கடைக்கார அக்கா. "தேரு மட்டும் என்ன, தானாவா ஓடுது?"

அப்படியாக, மலாக்கா மாநிலத்தின் ஓர் ஓரத்தில், நிற்காமல் சைக்கிள் ஓட்டிக் காட்டப் புறப்பட்ட இளைஞன், இருவர் இருபுறமும் பிடித்துத் தள்ள, ஒருவர் முன்னால் வழிவிலக்கிக்கொண்டு போக, நடை பழகும் குழந்தை மாதிரி கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தான்.

அம்மா பொங்கல் பானைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அத்தான் ஓடிவந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். கோயிலுக்கு வந்திருந்த கொஞ்சம் பேரும் சுற்றிக் கூடினார்கள்.

"கால் பட்டுருச்சா?" என்றார் அம்மா.

அடி பட்டதா என்று கேட்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தக் குரலில் இருந்தது எனக்கான பயம் மட்டும் இல்லை என்று தெரியும். எவ்வளவோ சொல்லியிருக்கலாம். மிதித்தேன் வந்தேன் என்று முடித்திருக்கலாம். ஆனால் அம்மா இதைப் பல நாள் நினைத்துப் பார்ப்பார். அதில் ஓட்டை இருக்கக் கூடாது.

"கால் படலமா. ஆனா விழுந்துட்டேன். தோளு, கையி, எல்லாம் பட்டுச்சி. கடைசியில இவங்கதான் தள்ளிக்கிட்டு வந்தாங்க. நான் மிதிக்கல."

பூசாரி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார், கருத்துச் சொல்லும் தோரணையில். கடைக்கார அக்காவும் சாட்சி சொல்ல வாயெடுத்தார். அம்மா இருவரையும் பார்க்கவே இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அந்த முழங்காலோடு, என் பக்கத்தில் மெல்லக் குனிந்தார்.

"கழட்டு."

அன்று முதல்முறையாகக் குதிகாலைத் திருப்பினேன். 'டக்' என்றது. காலை இறக்காமல் அந்தரத்தில் நீட்டினேன். அம்மா என் ஷூவைக் கையில் ஏந்தி, அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். உலோகத் துண்டு, சங்கிலி எண்ணெய், சித்தி ஊற்றிய மஞ்சளின் கறை. விரலால் தடவினார். மண் இல்லை. அடுத்த காலையும் பார்த்தார். அதிலும் இல்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். காதிலிருந்து கணுக்கால் வரை ஒரு பக்கம் முழுக்கச் செம்மண் அப்பியிருந்த என்னை.

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன்.

"உடம்பு பூரா மண்ணு," என்றார். "காதுக்குள்ளகூட மண்ணு. கால்ல மட்டும் இல்ல."

சிரிப்பு அவரை விட்டபாடில்லை. கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். பல மாதங்களாக அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டிருக்கவில்லை. லோரிக்கார அண்ணன் தொடங்கிவைக்க, பூசாரி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நான் காலை அந்தரத்தில் நீட்டியபடியே, இறக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அத்தான் தோளில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"எறக்குடா," என்றார் அம்மா. "வந்து சேந்துட்ட."

இறக்கினேன். தொடைச் சதை இழுத்துக்கொண்டு, அப்படியே மடிந்து அம்மா பக்கத்தில் படியில் விழுந்தேன். அம்மா அக்காவுக்கு போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"முடிச்சாச்சு பாப்பா."

"உயிரோட இருக்கானா?"

"இருக்கான். மண்ணு மாதிரி இருக்கான்."

"அவன்கிட்ட குடுங்க. டேய், சித்தப்பா வீடியோ அனுப்பினாரு. சிரிச்சி சிரிச்சி முடியலடா. நீ சுத்தச் சுத்த இதுவும் உள்ள சுத்துது."

அம்மா போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

போனில் சைக்கிள் ஓட்டத்தைப் பதியும் என் செயலி அன்றைக்கு வேறு கணக்குச் சொன்னது. சக்கரம் நின்றால் அதற்கு ஓய்வு. மளிகைக் கடை வாசலில் நான் படுத்திருந்த நேரம் முழுவதையும் 'ஓய்வு' என்று குறித்திருந்தது. குழுவில் அந்தச் செயலியின் வரைபடத்தைப் போட்டதும், சீன அங்கிள் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இங்கே நின்றிருக்கிறாயே, தே தாரேக் எப்படி?" நல்ல தே தாரேக் என்று பதில் போட்டேன். விளக்கப் போனால் மறுபடியும் ஒரு நீளக் கட்டுரை.

திரும்பும்போது சைக்கிளைக் கழற்றிக் காடியின் பின்னால் போட்டு, நானும் அதோடு மடங்கி உட்கார்ந்துகொண்டேன். அம்மா முன்சீட்டில் இருந்தார். பூசாரி கொடுத்த வேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டு, அக்காவுக்கு எந்த மருத்துவமனை, யார் யார் கூட இருப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மெர்லிமாவ் தாண்டுவதற்குள் வாக்கியத்தின் நடுவிலேயே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை ஜன்னல் கண்ணாடியில் இடித்து இடித்து ஆடியும் விழிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு சித்தி வீட்டில் என்று ஏற்பாடு. நியாலாஸுக்குத் திரும்பும் சாலை நெருங்கியதும் அத்தான் வேகத்தைக் குறைத்து, சமிக்ஞை விளக்கைப் போட்டார். டிக் டிக் என்று அது அடித்துக்கொண்டது. அம்மா லேசாக அசைந்தார்.

"நேரா வீட்டுக்குப் போவோம் அத்தான்," என்றேன் மெல்ல. "எங்கயும் நிறுத்தாதீங்க. சித்திகிட்ட நான் திட்டு வாங்கிக்கிறேன்."

அத்தான் அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்தார்.